கண் சிவந்தால் எல்லாமே ‘மெட்ராஸ் ஐ’ இல்லை: விழித்திரையின் ரத்தத் தடுப்பை நம் உடலே உடைப்பது எப்படி?

ஜவ்வாது மலையில் ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் வழியில் காவலூர் வருகிறது. அங்கேதான் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986-ல் செயல்பாட்டுக்கு வந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி, பல கோடி கிலோமீட்டர் தாண்டி வரும் வெளிச்சத்தைப் பிடிக்கிறது. ஆனால் காற்றில் ஈரப்பதம் கூடிவிட்டால் கூரையை மூடிவிடுவார்கள். கண்ணாடியிலும் கருவியிலும் ஈரம் படிந்தால் வேலை கெட்டுவிடும்.

நம் கண்ணுக்குள்ளும் இதே கதைதான். வெளிச்சத்தைப் பிடிக்கும் விழித்திரை, அதாவது ரெட்டினா, எப்போதும் சரியான அளவு உலர்வாக இருக்க வேண்டும். அதற்காகவே ரத்தத்துக்கும் விழித்திரைக்கும் நடுவே இயற்கை ஒரு தடுப்பு போட்டிருக்கிறது. உடலின் நோய் எதிர்ப்பு சக்தியே வழி தவறி இந்தத் தடுப்பை உடைத்தால் வருவதுதான் ஆட்டோ இம்யூன் யுவைடிஸ். சரியான நேரத்தில் பிடித்தால் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றலாம். ‘மெட்ராஸ் ஐதானே, ரெண்டு நாள்ல சரியாயிடும்’ என்று விட்டால் நிரந்தரமாகப் பார்வை போகவும் வாய்ப்பு உண்டு.

யுவைடிஸ் என்றால் என்ன?

கண்ணின் வெள்ளைச் சுவருக்கு உள்ளே, ரத்தக் குழாய்கள் நிறைந்த ஒரு நடு அடுக்கு இருக்கிறது. அதன் பெயர் யுவியா. திராட்சையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. கருவிழியைச் சுற்றித் தெரியும் ஐரிஸ், அதன் பின்னால் இருக்கும் சிலியரி பாடி, விழித்திரைக்கு அடியில் விரிப்பு போலக் கிடக்கும் கோராய்டு, இந்த மூன்றும் சேர்ந்ததுதான் யுவியா. இங்கே வரும் அழற்சிதான் யுவைடிஸ். விழித்திரையிலேயே வரும் அழற்சியையும் டாக்டர்கள் இதே கணக்கில்தான் சேர்க்கிறார்கள்.

முன்பக்கம் மட்டும் பாதித்தால் முன்புற யுவைடிஸ். நடுவில் வந்தால் இடைநிலை. கோராய்டும் விழித்திரையும் பாதித்தால் பின்புற யுவைடிஸ். மொத்தமாக வந்தால் பான் யுவைடிஸ். பார்வைக்கு அதிக ஆபத்து கடைசி இரண்டில்தான்.

விழித்திரைக்கு மட்டும் ஏன் தனிக் காவல்?

கையில் அடிபட்டால் வீங்குகிறது. ரத்தக் குழாயிலிருந்து நீரும் புரதமும் வெள்ளை அணுக்களும் அந்த இடத்துக்குப் போவதால்தான் வீக்கம். ரெண்டு நாளில் வற்றிவிடும், கைக்கு நஷ்டம் எதுவும் இல்லை.

விழித்திரையில் அப்படி வீங்கினால் தாங்காது. அதன் கனம் சுமார் கால் மில்லிமீட்டர்தான். அதற்குள் வெளிச்சத்தை உணரும் செல்களும் நரம்பு செல்களும் அடுக்கடுக்காக இருக்கின்றன. இடையில் கொஞ்சம் நீர் தேங்கினாலும் அடுக்கு கலைந்து படம் கலங்கிவிடும். அதோடு, விழித்திரை மூளையின் நீட்சி. பெரியவர்களிடம் இங்கே அழிந்த நரம்பு செல் மறுபடி முளைப்பதில்லை.

அதனால்தான் மூளைக்கு இருப்பது போலவே விழித்திரைக்கும் ரத்தத் தடுப்பு இருக்கிறது. 1960-களில் போர்ச்சுகல் கண் மருத்துவர் ஜோசே குன்ஹா-வாஸ் செய்த ஆய்வுகள் இந்தத் தடுப்பைத் தெளிவாக அடையாளம் காட்டின.

ஒன்றல்ல, இரண்டு செக்போஸ்ட்

விழித்திரைக்கு ரத்தம் இரண்டு பக்கத்திலிருந்து வருகிறது. அதனால் காவலும் இரண்டு இடத்தில்.

உள் தடுப்பு: விழித்திரைக்குள்ளேயே ஓடும் நுண் ரத்தக் குழாய்களின் சுவர் இது. உடலின் மற்ற இடங்களில் இந்தச் சுவர் செல்களுக்கு நடுவே சிறு இடைவெளி இருக்கும். இங்கே ஒரு செல்லும் பக்கத்து செல்லும் ‘டைட் ஜங்ஷன்’ எனப்படும் இறுக்கமான தையலால் இணைந்திருக்கின்றன. கிளாடின்-5, ஆக்லூடின் போன்ற புரதங்கள்தான் அந்தத் தையலின் நூல். வெளியே பெரிசைட், முல்லர் செல் என்று துணைக் காவலர்கள் சுற்றி நின்று தாங்குகிறார்கள்.

வெளித் தடுப்பு: விழித்திரைக்கு அடியில் இருக்கும் கோராய்டின் குழாய்கள் இயல்பிலேயே ஓட்டை உள்ளவை, நீரும் புரதமும் தாராளமாகக் கசியும். அந்தக் கசிவு மேலே ஏறாமல் தடுப்பது ஒரே ஒரு அடுக்கு நிறமி செல்கள். ஆர்பிஇ என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். இது வெறும் சுவர் இல்லை. விழித்திரைக்கு அடியில் சேரும் நீரை இடைவிடாமல் வெளியேற்றும் பம்ப்செட்டும் இதுவே.

மலைப்பாதையில் இருக்கும் வனத்துறை செக்போஸ்ட் எல்லா வண்டியையும் நிறுத்திவிடுவதில்லை. பார்த்துத்தான் அனுப்பும். அதேபோல குளுக்கோஸ், ஆக்சிஜன் போன்ற தேவையான பொருள்கள் இந்தத் தடுப்பைத் தாண்டிப் போகும். பெரிய புரதங்களும் ரத்த அணுக்களும் சாதாரணமாகப் போக முடியாது.

உடல் தன் கண்ணையே ஏன் தாக்குகிறது?

நம் ரத்தத்தில் டி செல் என்ற வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. கிருமியை அடையாளம் கண்டு தாக்குவது இவற்றின் வேலை. மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் என்ற உறுப்புதான் இவற்றின் பயிற்சிப் பள்ளி. சொந்த உடலையே எதிரியாக நினைக்கும் டி செல்களை அங்கேயே கழித்துவிடுவார்கள். ஆனால் கழிவு நூறு சதவீதம் நடப்பதில்லை. விழித்திரையின் புரதங்களை எதிரியாகப் பார்க்கும் சில டி செல்கள் தப்பி வெளியே வந்துவிடுகின்றன.

அவை ரத்தத்தில் சும்மா சுற்றும் வரை பிரச்சனை இல்லை. விழித்திரைப் புரதங்கள் தடுப்புக்கு உள்ளே பத்திரமாக இருக்கின்றன, இவை வெளியே இருக்கின்றன. சிக்கல், இந்த டி செல்கள் எங்கோ ‘விழித்துக்கொள்ளும்’போதுதான் வருகிறது. ஏதோ ஒரு கிருமியின் புரதம் விழித்திரைப் புரதத்தைப் போலத் தோன்றி இவற்றைத் தூண்டலாம். குடலில் வாழும் பாக்டீரியாக்களுக்கும் இதில் பங்கு இருக்கலாம் என்பதை எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. பரம்பரையும் ஒரு காரணம். எச்எல்ஏ-பி27 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு முன்புற யுவைடிஸ் வரும் வாய்ப்பு கூடுதல்.

தடுப்பு உடைவது: படிப்படியாக

இந்த நோயை விஞ்ஞானிகள் ஆய்வக எலிகளில் உருவாக்கிப் பார்த்திருக்கிறார்கள். விழித்திரையின் எஸ்-ஆன்டிஜென், ஐஆர்பிபி ஆகிய புரதங்களில் ஒன்றை எலியின் தோலுக்கு அடியில் தூண்டு மருந்தோடு செலுத்துவார்கள். ஊசி போட்டது கண்ணில் இல்லை. ஆனாலும் சில வாரங்களுக்குள் இரண்டு கண்ணிலும் அழற்சி வந்துவிடுகிறது. அதில் தெரியவந்த வரிசை இதுதான்.

1. தூண்டப்பட்ட டி செல்கள் ரத்தத்தில் சுற்றி வருகின்றன. தடுப்பு நல்லபடியாக இருந்தாலும், விழித்த நிலையில் இருக்கும் மிகச் சில டி செல்களால் உள்ளே நுழைய முடியும்.

2. உள்ளே போனவை தாங்கள் தேடிய புரதத்தைக் கண்டதும் டிஎன்எஃப், ஐஎல்-17 போன்ற ரசாயனச் செய்திகளை வெளியிடுகின்றன. ‘இங்கே எதிரி இருக்கான், வாங்க’ என்ற அழைப்பு இது.

3. அழைப்பு கேட்டதும் விழித்திரை ரத்தக் குழாயின் உட்சுவரில் ஐகேம்-1 போன்ற ஒட்டும் மூலக்கூறுகள் கூடுகின்றன. வேகமாக ஓடிக்கொண்டிருந்த வெள்ளை அணுக்கள் அதில் ஒட்டி நிற்கின்றன. பெரும்பாலும் இது நடப்பது சின்னச் சின்ன சிரைகளில்.

4. டைட் ஜங்ஷன் தையல் தளர்கிறது. அணுக்கள் கூட்டமாக உள்ளே போகின்றன. கூடவே நீரும் புரதமும் கசிகின்றன.

5. உள்ளே நடக்கும் சண்டையில் விழித்திரை செல்கள் சேதமாகி இன்னும் புரதம் வெளியே வருகிறது. அது இன்னும் டி செல்களைத் தூண்டுகிறது. தடுப்பு இன்னும் தளர்கிறது.

நோய் தானாக வேகம் எடுப்பதற்குக் காரணம் இந்தச் சுழற்சிதான். சீக்கிரம் சிகிச்சை ஆரம்பிக்க வேண்டும் என்று டாக்டர்கள் அவசரப்படுத்துவதும் இதனால்தான்.

கசிவு வந்தால் பார்வைக்கு என்ன ஆகும்?

விழித்திரையின் நடுப்புள்ளி மேக்குலா. முகம் அடையாளம் காண்பது, எழுத்து படிப்பது, ஊசியில் நூல் கோப்பது எல்லாம் இதன் வேலை. கசிந்த நீர் இங்கே சிறு சிறு குமிழ்களாகத் தேங்குவதற்கு சிஸ்டாய்டு மேக்குலர் எடிமா என்று பெயர். யுவைடிஸ் நோயாளிகள் பார்வை இழப்பதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இதுதான்.

அறிகுறி எப்படி இருக்கும்? நேர்கோடு வளைந்து தெரியும். நடுவில் மங்கலான திட்டு இருக்கும். வண்ணம் வெளிறித் தெரியும். விட்ரியஸ் எனும் கண்ணின் ஜெல்லுக்குள் வெள்ளை அணுக்கள் மிதந்தால் கொசு பறப்பது போல, தூசி மிதப்பது போல இருக்கும். பின்புற யுவைடிஸில் கண் சிவக்காமலும் வலிக்காமலும் இதெல்லாம் நடக்கலாம்.

சில வாரங்களில் நீர் வற்றினால் பார்வை பெரும்பாலும் திரும்பும். மாதக்கணக்கில் தேங்கி நின்றால் வெளிச்சம் உணரும் செல்களே அழிந்துவிடும். அப்புறம் நீரை வற்றவைத்தாலும் பார்வை முழுசாக வராது.

நம் பக்கம் பார்க்கப்படும் சில வகைகள்

வோக்ட்-கொயனாகி-ஹராடா நோய்: சுருக்கமாக விகேஎச். உடல் தன் நிறமி செல்களையே தாக்கும் நோய் இது. இந்தியர் உட்பட நிறமி அதிகம் உள்ள மக்களிடம் கூடுதலாகப் பார்க்கப்படுகிறது. இங்கே உடைவது வெளித் தடுப்பு. விழித்திரைக்கு அடியில் நீர் கோத்து, அது தரையிலிருந்து பாய் எழும்புவது போல எழும்பிவிடும். தலைவலி, காதில் இரைச்சல், பிறகு தோலிலும் முடியிலும் வெண்மை என்று மற்ற அறிகுறிகளும் வரலாம்.

ஈல்ஸ் நோய்: 1880-ல் பிரிட்டிஷ் மருத்துவர் ஹென்றி ஈல்ஸ் விவரித்தது. இன்று இந்தியாவில் இளம் ஆண்களிடம் அதிகம் பார்க்கப்படுகிறது. விழித்திரைச் சிரைகள் அழற்சியாகி அடைபடும், புதுக் குழாய்கள் முளைத்துத் திடீரென ரத்தம் கசியும். காசநோய்க் கிருமியின் புரதத்துக்கு உடல் காட்டும் அதீத எதிர்வினை இதன் பின்னணியில் இருக்கலாம் என்று கருதப்படுகிறது. சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் இந்த நோய் குறித்து நீண்ட காலமாக ஆய்வு செய்து வருகிறார்கள்.

குழந்தைகளின் மூட்டு அழற்சியோடு வருவது: இதில் கண் சிவக்காது, வலிக்காது, குழந்தையும் எதுவும் சொல்லாது. மூட்டு வீக்கம் உள்ள குழந்தைக்கு, கண்ணில் குறை தெரியாவிட்டாலும் அடிக்கடி கண் பரிசோதனை செய்யச் சொல்வது இதற்காகத்தான்.

எல்லா அழற்சியும் ஆட்டோ இம்யூன் இல்லை: மதுரை சொன்ன பாடம்

1993 இறுதியில் மதுரையில் கனமழை, வெள்ளம். அதைத் தொடர்ந்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு யுவைடிஸோடு வருபவர்கள் திடீரென அதிகரித்தார்கள். டாக்டர் எஸ்.ஆர். ரத்தினம் தலைமையிலான குழு ஆராய்ந்ததில், காரணம் லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா என்று தெரியவந்தது. எலி, மாடு போன்றவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீர் மூலம் பரவும் கிருமி இது. 73 நோயாளிகள் பற்றிய அந்த ஆய்வு 1997-ல் வெளியாகி, உலகம் முழுக்க கண் மருத்துவர்களின் கவனத்தை ஈர்த்தது.

ஜவ்வாது மலை போன்ற இடங்களுக்கு இது முக்கியம். மாடு வளர்ப்பும் சேற்று வேலையும் அன்றாடம் உள்ள ஊர்களில், கண் அழற்சிக்குக் கிருமி காரணமாக இருக்கும் வாய்ப்பையும் பார்க்க வேண்டும். காசநோய், மேகநோய் ஆகியவையும் யுவைடிஸ் போலவே வரும். கிருமி இருப்பது தெரியாமல் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்தை மட்டும் கொடுத்தால் கிருமி பெருகிவிடும். அதனால்தான் கண்ணுக்குப் போனால் ரத்தப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, மாண்டூ டெஸ்ட் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். ‘கண்ணுக்கு எதுக்குங்க நெஞ்சு எக்ஸ்ரே’ என்று கேட்டால் பதில் இதுதான்.

கசிவை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

ஸ்லிட் லேம்ப்: மெல்லிய ஒளிக்கீற்றைக் கண்ணுக்குள் பாய்ச்சிப் பார்ப்பது. கண்ணின் முன்னறை நீர் தெளிவாக இருந்தால் கீற்று தெரியாது. புரதம் கசிந்திருந்தால், புகை நிறைந்த அறையில் டார்ச் அடித்தது போலக் கீற்று பளிச்சென்று தெரியும்.

ஆஞ்சியோகிராம்: ஃபுளோரசின் என்ற மஞ்சள் சாயத்தைக் கை நரம்பில் செலுத்தி, அது விழித்திரைக் குழாய்களில் ஓடுவதைப் படமெடுப்பார்கள். உள் தடுப்பு நன்றாக இருந்தால் சாயம் குழாய்க்குள்ளேயே இருக்கும். உடைந்த இடத்தில் வெளியே பரவும். சுமார் ஒரு நாளைக்கு சிறுநீர் மஞ்சளாகப் போகும், பயப்பட வேண்டாம். அலர்ஜி இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஓசிடி: ஊசியே இல்லாத ஸ்கேன். விழித்திரையின் கனத்தை மைக்ரான் கணக்கில் அளக்கும். நீர் தேங்கிய குமிழ்கள் கறுப்புப் பொத்தல்களாகத் தெரியும். சிகிச்சை வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டுப் பார்க்கவும் இதுதான் உதவுகிறது.

சிகிச்சை என்ன?

முன்புற யுவைடிஸுக்கு ஸ்டீராய்டு சொட்டு மருந்தே பெரும்பாலும் போதும். கூடவே பாப்பாவை விரிக்கும் சொட்டும் தருவார்கள். ஆனால் சொட்டு மருந்து கண்ணின் பின்பக்கம் வரை போதுமான அளவு போகாது. அதனால் பின்புற யுவைடிஸுக்கு மாத்திரையோ, கண்ணிலும் கண்ணைச் சுற்றியும் போடும் ஊசியோ, உள்ளே வைக்கும் மருந்துக் குச்சியோ தேவைப்படும்.

ஸ்டீராய்டு தளர்ந்த தையலை வேகமாக இறுக்கும். ஆனால் நீண்ட காலம் எடுத்தால் சர்க்கரை, ரத்த அழுத்தம் ஏறும். எலும்பு பலவீனமாகும். கண்புரையும் கண் நீர் அழுத்தமும் வரும். அதனால் டாக்டர்கள் ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்து, மெத்தோட்ரெக்சேட், மைக்கோஃபீனோலேட் போன்ற மருந்துகளுக்கு மாற்றுகிறார்கள்.

இந்த இரண்டில் எது நல்லது? இந்தக் கேள்விக்கு உலகம் தேடிய பதிலில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. ஃபாஸ்ட் என்ற ஆய்வு இந்தியா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, சவுதி அரேபியா, மெக்சிகோ ஆகிய 5 நாடுகளில் 216 பேரிடம் நடந்தது. அரவிந்த் கண் மருத்துவமனையும் இதில் முக்கியப் பங்கு வகித்தது. 2019-ல் வெளியான முடிவில், 6 மாதத்தில் மெத்தோட்ரெக்சேட் எடுத்தவர்களில் 66.7 சதவீதம் பேருக்கும், மைக்கோஃபீனோலேட் எடுத்தவர்களில் 57.1 சதவீதம் பேருக்கும் அழற்சி கட்டுக்குள் வந்தது. மைக்கோஃபீனோலேட்தான் மேலானது என்ற எதிர்பார்ப்பு நிரூபணமாகவில்லை. விலை குறைந்த, பழைய மருந்தான மெத்தோட்ரெக்சேட்டே போதுமான பலன் தருகிறது என்பது சாதாரணக் குடும்பங்களுக்கு நல்ல செய்தி.

இவற்றுக்கும் அடங்காவிட்டால், டிஎன்எஃப் என்ற செய்தியையே தடுக்கும் அடலிமுமாப் ஊசி இருக்கிறது. 2016-ல் அமெரிக்காவில் யுவைடிஸுக்கு இது அனுமதி பெற்றது. இதைத் தொடங்கும் முன் காசநோய் பரிசோதனை கட்டாயம். உள்ளே உறங்கும் காசநோய்க் கிருமியை இது எழுப்பிவிடலாம்.

மலையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது

இந்த நோயில் ஒரு தடவை கீழே போய் மருந்து வாங்கி வந்தால் வேலை முடியாது. மாதக்கணக்கில் தொடர வேண்டும். போளூர், திருப்பத்தூர் என்று இறங்கி, அங்கிருந்து வேலூருக்கோ திருவண்ணாமலைக்கோ போய் வருவது ஒரு நாள் கூலியையும் பஸ் காசையும் சேர்த்து விழுங்கும் வேலை. பார்வை தெளிந்ததும் ‘இனி எதுக்கு’ என்று நிறுத்திவிடத் தோன்றும். அங்கேதான் ஆபத்து. கண் தெளிந்த பிறகும் தடுப்பு முழுசாக ஆறியிருக்காது.

மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான். தினமும் சாப்பிட்டால் ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்து. கிழமையை முடிவு செய்து, மாத்திரை அட்டையிலேயே எழுதி வையுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்கள் இருந்தால் வீட்டில் ஒருவர் பொறுப்பெடுத்துக் கொடுங்கள்.

இந்த மருந்து எடுக்கும்போது கர்ப்பம் தரிக்கக் கூடாது. மது கூடாது. ரத்த அணுக்கள், கல்லீரல் பரிசோதனை டாக்டர் சொன்ன இடைவெளியில் கட்டாயம் செய்ய வேண்டும். எந்தெந்த டெஸ்டைப் பக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவமனையிலேயே எடுக்கலாம் என்று கேட்டுக்கொண்டால் சில பயணங்கள் மிச்சமாகும்.

ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்தாதீர்கள். தீர்ந்துபோவதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்த அட்டைக்கு ஏற்பாடு செய்யுங்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

மெட்ராஸ் ஐ-யா, யுவைடிஸா?

மெட்ராஸ் ஐ என்றால் பீளை வரும், காலையில் இமை ஒட்டிக்கொள்ளும், உறுத்தும், வீட்டில் மற்றவர்களுக்கும் பரவும். பார்வை பெரும்பாலும் குறையாது.

யுவைடிஸ் என்றால் பீளை இருக்காது. வெளிச்சம் பட்டால் கூசும், கண்ணுக்குள் ஆழமாக வலிக்கும், பார்வை மங்கும். யாருக்கும் தொற்றாது. அதிகாலையில் இடுப்பு விறைப்பு, மூட்டு வலி, வாய்ப்புண் போன்றவை கூடவே இருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இது வழிகாட்டி மட்டுமே. வெளிச்சக் கூச்சம், பார்வை மங்கல், புதிதாக மிதக்கும் புள்ளிகள், இவற்றில் ஒன்று இருந்தாலும் ஓரிரு நாளுக்குள் கண் டாக்டரைப் பாருங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு வாங்கிப் போடாதீர்கள். கிருமிப் புண்ணாக இருந்தால் அது மோசமாகிவிடும், கண் அழுத்தமும் ஏறலாம்.

ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்கள் வாரம் ஒருமுறை வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சுவரில் தொங்கும் மாதக் காலண்டரின் கட்டங்களைப் பாருங்கள். பிறகு அடுத்த கண். கோடு வளைந்தாலோ, நடுவில் எண் மறைந்தாலோ, அடுத்த அப்பாயின்ட்மென்ட் தேதிக்காகக் காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள்.